மாதாவுக்கு ஒரு வெள்ளி விமானம்

வானில் வந்தவர்களும் அவர்கள் இருந்த இடங்களும் பின்வருமாறு.

சாரதி ஆசனத்தில் நஸ்ரி. குறிஞ்சாக்கேணிக்காரன், வானும் அவனுடையதுதான். அவனுக்குப் பக்கத்தில் தங்கத்துரை ஆகிய நான். நடு வரிசையில் வலப்புற யன்னலோரம் என் மனைவி இலட்சுமி, வான் ஓடினால் அவவுக்கு வயிற்றைப் பிரட்டும் என்பதால். இடப்புற யன்னலோரம் அவவின் தங்கை நிரோஜினி, வான் ஓடாவிட்டாலும் அவவுக்குத் தெருவில் போற வாறவர்களைப் பார்க்க வேணும் என்பதால். இரண்டு பேரின் முழங்கைக்கும் நடுவில் எங்கள் ஒரே மகள் தேனுகா. பின் வரிசையில் சோற்றுப் பார்சல்கள், தேத்தண்ணீர்ப் போத்தல், மெழுகுதிரிக் கட்டு, ஒரு மல்லிகை மாலை. வானில் வசதியாக இருந்தவை இவை மட்டுமே. இலட்சுமியின் மடியில் கைப்பை. கைப்பைக்குள், கழுவி மடித்த லேஞ்சித் துணியில் சுற்றி, வெள்ளியில் செய்த ஒரு சின்ன விமானம்.

விமானத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

தேனுகாவின் புருசன் டிலக்சன் இத்தாலியில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்கிறார். மலைக்கு மேலே இருக்கிற ஊர். அதன் பெயர் எனக்கு எழுத வரும், சொல்ல வராது. கலியாணம் முடிந்து ஒரு மாதத்தில் மருமகன் திரும்பிப் போனார். அன்றிலிருந்து இரண்டு வருசமாக எங்கள் வீட்டு விறாந்தையில், ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து, என் மகள் ஒரு தொலைபேசியோடு குடும்பம் நடத்தினாள். விசா நேர்முகத்துக்கு அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். உப்புவெளியில், வீட்டில் நின்றது இலட்சுமி.

நாங்கள் சைவம். என்றாலும் எங்கள் சுவாமித் தட்டில் பிள்ளையார், அம்மன், மாதா, அந்தோனியார் எல்லோரும் ஒரே பலகையில்தான் இருக்கிறார்கள். இடநெருக்கடி பற்றி இதுவரை ஒருவரிடமிருந்தும் முறைப்பாடு இல்லை. நிரோஜினிக்கு இன்னும் பரந்த மனசு. நேர்முகத்தன்று காலையில் அவள் தன் ஸ்கூட்டியில் மூன்று மாதா கோயில்களுக்குப் போய், ஒவ்வொன்றிலும் மெழுகுதிரி கொளுத்தி, அக்காவும் கும்பிடட்டும் என்று வட்ஸ்அப் வீடியோவில் மாதாவின் சுரூபத்தை நேரே காட்டியிருக்கிறாள். கோயிலுக்குள் கதைக்கக் கூடாது, ஆகவே சத்தமில்லாமல் படம் மட்டும்.

இலட்சுமி அப்போது குசினியில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தா. தொலைபேசியைச் சீனிப் பேணியில் சாத்தி வைத்தபடி. இரண்டு கையும் பாலில், மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி. அப்படி வந்துபோன மாதாக்களில் ஒருவரின் முகத்தைக் கண்டதும் அவவுக்கு நெஞ்சு இளகிப்போய், வாய்விட்டே நேர்ந்திருக்கிறா:

"தாயே, என்ர பிள்ளைக்கு விசா தா. அவள் பிளேன் ஏற முந்தி, வெள்ளியில ஒரு பிளேன் செய்து, என்ர கையாலயே உனக்குத் தாறன்."

விசா வந்தது. பயணம் வருகிற வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. நான் நகை செய்கிற பத்தரிடம் போனேன்.

"ஐயா, என்னட்டக் கண் இருக்கு, கால் இருக்கு, தொட்டில் இருக்கு, வள்ளம் இருக்கு" என்றார் அவர். "பிளேன் இதுவரைக்கும் ஒருத்தரும் நேரேல்ல."

"செய்ய ஏலாதோ?"

"ஏன் ஏலாது? சீனன்குடாவில வந்து இறங்கிறதைக் கண்டிருக்கிறன்தானே. தூரத்தில."

அந்தத் தூரம் அவரின் வேலையில் தெரிந்தது. இரண்டு பக்கமும் அகன்று, பின்னால் மெல்லிய வாலோடு, ஒரு தட்டையான சாமான். மூக்கடியில் இரண்டு சின்னக் கண் வேறு வைத்திருந்தார். யன்னலாம்.

இனிச் சிக்கல். எந்த மாதா என்று இலட்சுமிக்குத் தெரியாது.

"பிள்ளையை இடக்கையில ஏந்தியிருந்தவ. அந்தப் பிள்ளையின்ர கையில ஒரு குருவி. அவ்வளவும் நல்லாத் தெரியும்" என்றா.

"நான் காட்டினது மூண்டு பேர். மூண்டில ஒராள்தானே" என்றாள் நிரோஜினி. குருவியைப் பற்றி அவளுக்கு ஞாபகமில்லை. அவள் மெழுகுதிரி அணையாமல் பார்த்துக்கொண்டு நின்றவளாம்.

"மூண்டு பேருக்கும் பொதுவா ஒண்டை வைப்பம்" என்று நான் சொல்லிப் பார்த்தேன். இலட்சுமி என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையை வாபஸ் வாங்கினேன்.

"குடுக்க வேண்டியவவுக்குக் குடுக்காமப் பிள்ளை பிளேனில கால் வைக்க ஏலாது. சொல்லிப்போட்டன்."

இலட்சுமி சொல்லிப்போட்டன் என்றால் அது அரசாங்க வர்த்தமானியில் வந்த மாதிரி. தேனுகா அழுதாள், கெஞ்சினாள். தாயை மீறிப் போகவும் அவளுக்கு மனம் வராது. "அம்மா வயிறெரிஞ்சு நிக்க நான் அங்க போய் என்னண்டு சமைச்சுச் சாப்பிடுறது?" என்று என்னிடம் கேட்டாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை, இந்த வான்.

*

முதலாவது, ரவுணில் கடலுக்குக் கிட்ட உள்ள பெரிய கோயில். காலைப் பூசை முடிந்து சனம் வெளியில் வந்துகொண்டிருந்தது. நாங்கள் அவர்களுக்கு எதிராக, மாலையும் மெழுகுதிரியுமாக உள்ளே போனோம். இலட்சுமி சுரூபத்துக்கு நேரே நின்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டா. பிறகு கழற்றிவிட்டுப் பார்த்தா. அன்றைக்கு ஆவியோடு பார்த்த முகம் அல்லவா, அதே நிலைமையில் ஒப்பிட வேண்டுமாம்.

"இவ இல்லை."

"வடிவாப் பாருங்கோ அக்கா."

"பிள்ளை வலக்கையில. குருவியும் இல்லை."

"அக்கா, ஃபோனில இடம் வலமாத் தெரியும்."

"குருவியுமோ தெரியாமப் போகும்?"

சோர்ந்துபோய் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, லேஞ்சியை அவிழ்த்து விமானத்தைப் பார்த்தா. பக்கத்து வாங்கில் இருந்த ஒரு வயசான மீனவர் எட்டிப் பார்த்தார். கடலுக்குப் போய்ப் போய்க் காய்ந்த முகம், பூசைக்கென்று வெள்ளைச் சேட்டு.

"திருக்கை மீனோ தங்கச்சி?" என்றார் மரியாதையாக. "வலையில நல்லாப் பட்டிருக்குப்போல."

இலட்சுமி விமானத்தைத் திருப்பிச் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தா. விறுவிறென்று வானுக்கு நடந்தா. ஏறியதும் என்னிடம், "கண் வைக்க வேண்டாமெண்டு அந்தப் பத்தருக்கு நீங்கள் சொல்லியிருக்கலாம்" என்றா.

"கண் இல்லை, யன்னல்."

"திருக்கைக்கு யன்னல் எதுக்கு?" என்றாள் நிரோஜினி வெளியே பார்த்துக்கொண்டு. நஸ்ரி இருமுவது போலச் சிரித்தான்.

*

இரண்டாவது, துறைமுகப் பக்கம் மேட்டில் உள்ள சின்னக் கோயில். வான் மேலே ஏறாது. படியேறினோம். நிரோஜினி முன்னால் போனாள், போகும்போதே வெற்றிக் குரலில் கத்தினாள்.

"ஆ! ஞாபகம் வந்திட்டுது! இஞ்ச புறா இருக்கு!"

புறாக்கள் இருந்தது உண்மை. கூரை மரத்தில் வரிசையாக இருந்தன. இங்கே மாதாவின் கையில் பிள்ளை இடப்பக்கம். முகமும் கொஞ்சம் சரிந்த முகம். பிள்ளையின் கை மட்டும் வெறுமையாக நீட்டியபடி.

"இதுதான் அக்கா! அண்டைக்கு ஒரு புறா வந்து பிள்ளையின்ர கையில இருந்திருக்கு. அதைத்தான் நீங்கள் கண்டது!"

"நான் கண்டது குருவி."

"ஃபோனில எல்லாம் சின்னனாத் தெரியும்தானே."

இந்த வாதத்தில் ஒரு நியாயம் இருப்பது போல எனக்குப் பட்டது. தேனுகாவுக்கோ அதை விட்டால் வேறு கதியில்லை. "ஓம் அம்மா, சித்தி சொல்றது சரி. புறா எண்டே வைப்பம்" என்றாள்.

"ஒரு புறா வந்து இருக்கட்டும். பார்த்துச் சொல்றன்" என்றா இலட்சுமி.

ஆகவே காத்திருந்தோம். ஒரு கோயிலுக்குள் ஐந்து பேர் சுரூபத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது சுலபமான வேலையல்ல. கும்பிட வந்த ஒரு குடும்பம் நாங்கள் பார்த்த திசையில் தாங்களும் பார்த்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனது. நஸ்ரி கடலைச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து வாசல்படியில் தூவினான். புறாக்கள் வாசலுக்குப் போயின.

"அங்க போடாத தம்பி, இஞ்ச போடு!"

"கோயிலுக்குள்ள கடலை போட்டா சுவாமி ஏச மாட்டாரோ அக்கா? நான் வேற பள்ளிவாசல் ஆள். ரெண்டு பக்கத்தாலயும் கேள்வி வரும்."

கடைசியில் ஒரு புறா இரங்கி வந்தது. பிள்ளையின் கையை விட்டுவிட்டு, மாதாவின் முடியில் போய் இருந்து, செய்யக் கூடாத காரியம் ஒன்றைச் செய்துவிட்டுப் பறந்தது. இலட்சுமி உடனே தன் முந்தானையால் எட்டித் துடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னா:

"நான் கண்ட குருவி கையில பிடிச்ச குருவி. பிள்ளையின்ர விரல் அதைச் சுத்தி இருந்தது. வாங்கோ போவம்."

இறங்கும்போது தேனுகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். படிக்குப் பயந்து அல்ல. "அப்பா, மூண்டாவதும் இல்லையெண்டா?" என்றாள். நான், "முதல்ல பார்ப்பம்" என்றேன். கந்தோரில் கடிதம் எழுதும் வேலையில் இருந்த காலத்தில் பதில் தெரியாத கேள்வி எல்லாவற்றுக்கும் நான் எழுதிய பதில் அது.

*

மூன்றாவது மூதூரில். கிண்ணியாப் பாலம் தாண்டி நெடும்பயணம். வழியில் இலட்சுமிக்கு வயிற்றைப் பிரட்டியதால் வான் ஒரு தரம் நின்றது. நிரோஜினி கொறிக்கக் கச்சான் வாங்கியதால் இன்னொரு தரம் நின்றது. கோயிலை அடைந்தபோது வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது.

உள்ளே போன இலட்சுமி உடனே வெளியே வந்தா.

"நிரோ! இந்த மாதாவுக்குப் பிள்ளையே இல்லை!"

நான் போய்ப் பார்த்தேன். உண்மைதான். மாதா தனியாக, இரண்டு கையும் கூப்பியபடி நின்றா.

"பிள்ளை இல்லாத மாதாவை எனக்கு ஏன் காட்டினனீ?"

"நான் உங்களுக்குப் பிள்ளை பார்க்கவோ காட்டினனான்? விசாவுக்குக் காட்டினனான்!"

"அப்ப நான் கண்டது ஆரை?"

"எனக்கென்ன தெரியும்? தேங்காய்ப்பாலுக்குள்ள கண்டிருப்பீங்கள்!"

அதற்கு மேல் நடந்த கதையை எழுத வேண்டியதில்லை. அக்கா தங்கச்சி இருவரும் பதினைந்து வயசுக்குத் திரும்பிப் போய், ஒரு பாவாடையை யார் கிழித்தது என்பதுவரை கதைத்தார்கள். கோயில் வளவில் ஒரு வேப்பமரம் நின்றது. நஸ்ரி பாயை விரித்துச் சோற்றுப் பார்சல்களை எடுத்து வைத்தான். தின்றுகொண்டு ஏசுவது கஷ்டமென்பது அவன் கணக்கு. ஓரளவு சரியாகவே இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தேனுகாவின் தொலைபேசி அடித்தது. டிலக்சன். திரை முழுக்கக் கல்லுப்படி.

"மாமா, மாமி, எல்லாருக்கும் வணக்கம்!" மூச்சு வாங்கியது. "அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு கோயில் பார்க்க வந்தனான். இண்டைக்கு லீவுதானே. வியாழன் நீங்கள் அனுப்புற ஆளுக்கு ஊர் காட்ட முந்தி, நானும் ஒருக்கா ஒழுங்காப் பார்த்து வைப்பமெண்டு."

பின்னால் அவரின் தமக்கையின் குரல்: "டேய், இன்னும் எத்தினை படியடா? அந்தக் கோயிலும் எண்ணூறு வருசம், இந்தக் கோயிலும் எண்ணூறு வருசம் எண்டு சொல்லிச் சொல்லி என்ர முழங்காலையும் எண்ணூறு வருசமாக்கிப்போட்டாய்!"

"இது நாலாவதக்கா, கடைசி."

"ஒரு மலையில நாலு கோயிலோ?" என்றான் நஸ்ரி. "வான் ஓடுறவனுக்கு நல்ல ஊர்தான்."

"வான் ஏறாது தம்பி. எல்லாம் நடை."

"அப்ப வேண்டாம்."

டிலக்சன் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றில் சுவர் முழுக்கப் படமாம். ஒன்றில் ஒரு புனிதரின் எலும்பு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறதாம். ஒன்று பூட்டியிருந்ததாம், அத்தானுக்கு அதுதான் எல்லாவற்றிலும் பிடித்ததாம். இலட்சுமி கேட்டும் கேளாததுமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தா.

"இந்த நாலாவதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தது, மாமி. நேர்முகத்தண்டைக்கு வேலைக்குப் போக முந்தி இஞ்ச வந்து மெழுகுதிரி கொளுத்தினனான். உங்களுக்கும் ஒருக்காக் காட்டுவமெண்டு அடிச்சனான். காட்டினதும் ஒரு மனுசி வந்து, ஃபோன் எடுக்கப்படாதெண்டு கத்தினா. அதோட கட் பண்ணிப்போட்டன். இண்டைக்கு அவ இல்லை. நில்லுங்கோ, காட்டுறன்."

திரை இருண்டு, பிறகு தெளிந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் மரத்தில் செதுக்கின ஒரு மாதா. சரிந்த முகம். இடக்கையில் பிள்ளை. பிள்ளையின் மூடின விரல்களுக்குள் ஒரு சின்னக் குருவி.

இலட்சுமி சோற்றுக் கையோடு எழும்பிவிட்டா.

"அவதான்! அவவேதான்! குருவியைப் பார் நிரோ! கையில பிடிச்சிருக்கோ இல்லையோ? சொல்லு!"

நிரோஜினி பார்த்தாள். பிறகு மிக மெதுவாக, "அப்ப என்ர மூண்டும் இல்லை, இது நாலாவது" என்றாள். நேர்முகத்தன்று காலையில் மட்டும் எங்கள் குசினிக்கு நாலு மாதாக்கள் வந்து போயிருக்கிறார்கள். இலட்சுமி நாலையும் தங்கச்சியின் கணக்கில் எழுதிவிட்டா.

சுரூபத்துக்குப் பின்னால் சுவரில் ஏதோ மினுங்கியது. இலட்சுமி கேட்க, மருமகன் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினார். சின்னச் சின்ன வெள்ளித் தகடுகள். இதயம், கண், கால், கை, தொட்டில்.

"ஐயோ! அங்கயும் நேருகினம்!" இலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அங்கயும் பத்தரிட்டக் கால், கைதான் இருக்கு" என்றாள் நிரோஜினி. "பிளேன் இல்லை."

தேனுகா சிரித்தாள். அன்றைக்கு முதல் தரம். "இனியென்ன அம்மா! நான் வியாழன் போறன்தானே. வெள்ளிக்கிழமையே கொண்டுபோய் வைச்சிட்டு, உங்களுக்குக் காட்டுறன்."

"ஓம் மாமி, தேனு கொண்டு வரட்டும்" என்றார் டிலக்சன்.

இலட்சுமியின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

"பிளேன் ஏற முந்தி தாறனெண்டெல்லோ நேர்ந்தனான்" என்றா. "என்ர கையாலயெண்டு."

இந்த நிலைமையை நான் ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன். மகள் போவதற்கு முன் விமானம் மாதாவிடம் போக வேண்டும். விமானம் மாதாவிடம் போவதற்கு மகள் போக வேண்டும். அதற்கு முன் இலட்சுமி போக வேண்டும். இலட்சுமிக்கு விசா இல்லை. அதற்கு இன்னொரு நேர்த்தி வைத்தால் இன்னொரு விமானம்.

"நான் பிறகு எடுக்கிறன் மாமா" என்று சொல்லி மருமகன் புத்திசாலித்தனமாக மறைந்துபோனார்.

தேனுகா சோற்றுப் பார்சலை மடித்தாள். மிக நேர்த்தியாக, மூலைக்கு மூலை.

"அம்மா, உள்ளதைச் சொல்லுங்கோ. உங்களுக்கு நான் போக விருப்பமில்லை. அதுதான் ஒவ்வொரு கதையாச் சொல்றீங்கள்."

"விருப்பமில்லைத்தான்" என்றா இலட்சுமி.

நாங்கள் எல்லோரும் அவவைப் பார்த்தோம்.

"ஒரு பிள்ளை. அதை அவ்வளவு தூரம் அனுப்ப ஆருக்கு விருப்பம்? விருப்பமில்லாத ஒண்டை, உனக்காக, வாயைத் திறந்து கேட்டனான். கேட்ட கையோட அவ தந்திட்டா. இப்ப நான் சொன்ன சொல்லில நிக்காட்டி, நீ ஆகாயத்தில இருக்கேக்க ஆரைக் கூப்பிடுறது? என்ன முகத்தோட கூப்பிடுறது?"

தேனுகா தாயின் சோற்றுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நிரோஜினியும் அழுதாள், பாவாடையைக் கிழித்தது தான்தான் என்று இடையில் ஒத்துக்கொண்டாள். நானும் நஸ்ரியும் பாயை உதறப் போனோம். உதறத் தேவையில்லாத பாய்.

*

திரும்பி வரும்போது எல்லோரும் அதே இடங்களில் இருந்தோம். பாலத்தில் ஏறும்போது நஸ்ரிதான் கதையைத் தொடங்கினான்.

"அக்கா, எங்கட பக்கமும் நேர்ச்சை இருக்கு. மனசில நிய்யத்து வைச்சாலே பாதி முடிஞ்ச மாதிரி. மற்றப் பாதிக்குத்தான் வான் பிடிக்கிறது."

"அந்தப் பாதிதானே தம்பி இப்ப பிரச்சினை" என்றா இலட்சுமி.

எனக்கு அப்போதுதான் தோன்றியது. மீன்பிடிச் சங்கக் கந்தோரில் நான் இலிகிதராக இருந்த காலத்தில், கடிதப் போக்குவரத்து முழுக்க என் பொறுப்பு. அங்கே எங்களுக்கு ஒரு முறை இருந்தது.

"இலட்சுமி, எங்கட கந்தோரில ஒரு மேல்முறையீடு வந்தா, அது வந்து சேர்ந்த நாளைப் பார்க்கிறேல்ல. பதிவுத் தபாலில போட்ட நாள்தான் கணக்கு. ஆள் தபால் கந்தோரில கையால குடுத்தா, எங்களிட்டக் கையால குடுத்ததுக்குச் சமன். முத்திரைத் திகதிதான் சாட்சி."

"மாதா என்ன கந்தோரோ அத்தான்?" என்றாள் நிரோஜினி.

"கந்தோரை விட மேல். அப்ப இன்னும் தாராளமா இருக்க வேணும்தானே."

"சுத்தி வளைக்காதேங்கோ" என்றா இலட்சுமி. "தபாலில போட்டா குடுத்த மாதிரியோ?"

"எங்கட சங்கத்தில அந்த முறையில ஒரு மேல்முறையீடும் தள்ளுபடியாகேல்ல. மீன்பிடிக்கிற பெரியண்ணனின்ர வள்ள அனுமதி ஞாபகமோ? கடிதம் ஒரு மாதம் பிந்தி வந்தது. போட்ட திகதியிலயிருந்துதான் அனுமதி குடுத்தது. கையெழுத்து வைச்சது தலைவர், எழுதினது நான்."

அந்த வள்ள விசயம் இலட்சுமிக்குத் தெரியும். பெரியண்ணன் அந்த வருசம் முழுக்க எங்களுக்கு மீன் கொண்டுவந்து தந்தவர். அவ யன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்துக்கொண்டே வந்தா. தேனுகா மூச்சு விடுவது முன் ஆசனத்தில் இருந்த எனக்குக் கேட்டது, அல்லது விடாமல் இருப்பது கேட்டது. பாலம் முடிந்து, கடைகள் முடிந்து, வெட்டவெளி வந்தது.

"நீங்கள் எழுதுவீங்களோ?" என்றா இலட்சுமி. "மரியாதையா எழுத வேணும். கந்தோர்க் கடிதம் மாதிரி எழுதப்படாது."

*

பின்னேரமே எழுதத் தொடங்கினோம். எனக்குக் கந்தோர்க் கடிதம் மட்டும்தான் எழுத வரும் என்பதை இலட்சுமி மூன்றாவது வரியில் கண்டுபிடித்தா.

"'மாதா அவர்கள், பங்குத்தந்தை ஊடாக' எண்டு ஏன் போட்டிருக்கு?"

"உரிய வழியில அனுப்ப வேணும். நேர அனுப்பினா அவர் குறை நினைப்பார்."

"'விடயம்: நேர்த்தி நிறைவேற்றல்.' ம். இருக்கட்டும்."

"தமிழிலயோ எழுதிறீங்கள்?" நிரோஜினி தோளுக்கு மேலால் பார்த்தாள். "இத்தாலிக்காரிக்குத் தமிழ் விளங்குமோ?"

"நான் தமிழிலதான் கேட்டனான்" என்றா இலட்சுமி. "விளங்கினபடியால்தானே தந்தவ."

பங்குத்தந்தைக்கு மட்டும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தனித் தாள் ஒன்று வைத்தேன். மருமகன் அந்தப் பாசையில் எடுத்துச் சொல்லுவார் என்றும், இணைப்பில் உள்ளது விமானமே அன்றி வேறு உயிரினம் அல்ல என்றும் அதில் தெளிவாகக் குறிப்பிட்டேன்.

"இதையும் போடுங்கோ" என்றா இலட்சுமி. "பிள்ளைக்குக் குளிர் ஒத்துவராது, இருமல் வரும், பார்த்துக்கொள்ளட்டாம்."

"ஒரு கடிதத்தில ஒரு விடயம்தான் போடலாம்."

"ஆர் சொன்னது?"

"அதுதான் முறை."

"அவளுக்கு இருமல் வந்தா உங்கட முறை வந்து கசாயம் வைச்சுக் குடுக்குமோ?"

போட்டேன். குளிர், இருமல், மருமகனின் நித்திரை முழிப்பு, அவரின் தமக்கையின் முழங்கால், நேரம் கிடைத்தால் ஒரு பேரப்பிள்ளை. கடைசியில் அவவே பேனையை வாங்கி, கீழே ஒரு வரி எழுதினா. தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதியதால் அது என்னவென்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. என் கையால் ஒரு பிரதி எடுத்து வைக்காமல் வெளியே போன கடிதம் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை தபால் கந்தோர் திறக்க முந்தியே வாசலில் நின்றோம். கருமபீடத்தில் ஷாமிலா என்ற பிள்ளை இருந்தாள். உள்ளே என்ன என்று கேட்டாள். லேஞ்சியை அவிழ்த்துக் காட்டினோம். அவள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"பிளேனோ?" என்றாள்.

இலட்சுமிக்கு அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேணும் போல இருந்ததென்று பிறகு சொன்னா.

சுங்கப் படிவத்தில் 'சமயப் பொருள், வெள்ளித் தகடு' என்று நிரப்பினேன். இரண்டு மட்டைகளுக்கு நடுவில் விமானத்தை வைத்தது இலட்சுமி. உறைக்குள் போட்டது இலட்சுமி. பசை போத்தலை எடுத்து என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, ஓரம் முழுக்கப் பூசி, உள்ளங்கையால் அழுத்தி, ஒரு மூலை கிளம்ப அதையும் அழுத்தி ஒட்டியது இலட்சுமி. தேனுகா சுவரோரம் நின்று தாயின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷாமிலா உறையை வாங்கக் கை நீட்டினாள். இலட்சுமி நீட்டினா, ஆனால் விடவில்லை. உறையின் இரண்டு முனையிலும் இரண்டு கை.

"பிள்ளை, நீங்கள் வாங்கினா அவ வாங்கின மாதிரித்தானே?"

அந்தப் பிள்ளை உறையில் இருந்த விலாசத்தைப் பார்த்தாள். இத்தாலி ஊரின் பெயருக்கு மேலே 'மாதா அவர்கள்' என்று என் கையெழுத்து. பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், கொஞ்சம் கெஞ்சலாக.

"ஓம் அம்மா" என்றாள். "என்ர கைக்கு வந்தா வந்ததுதான். இனி அது எங்கட பொறுப்பு."

இலட்சுமி கையை விட்டா. பதிவு இலக்கச் சீட்டு ஒட்டப்பட்டது. முத்திரை ஒரு தரம் விழுந்தது. மங்கலாக விழுந்துவிட்டதென்று இலட்சுமி சொல்ல, ஷாமிலா மையில் நன்றாக அமத்தி இரண்டாம் தரமும் குத்தினாள். திகதி தெளிவாக இருந்தது. நானும் பார்த்தேன்.

"தேனு" என்றா இலட்சுமி, திரும்பாமல். "வியாழனுக்கு என்ன சேலை உடுக்கப் போறாய்?"

மகள் வந்து தாயின் தோளில் நாடியை வைத்தாள். ஷாமிலா உறையை எடுத்துப் பின்னால் தொங்கிய சாக்குக்குள் போட்டு, கொழும்புத் தபாலுக்காகச் சாக்கின் வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.